எனக்கு மட்டும் தான் இப்படியா?

கேள்வி: பையன் பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, அம்மா வீட்ல தான் இருக்கேன், பத்திய சாப்பாடு குளிக்க வெந்நி எல்லாம் நேரத்துக்கு வருது, ஆனா பாத்ரூம்ல குழாய தொறந்து விட்டுட்டு அழறேன். குழந்தைய தூக்கவே பிடிக்கல. "எங்க காலத்துல இதெல்லாம் ஏதுடி"ங்கறாங்க அம்மா. எனக்கு மட்டும் தான் இப்படியா டாக்டர்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: இல்லம்மா. இந்தியால நடந்த 38 ஆய்வுகள சேர்த்துப் பாத்து 2017ல ஒரு கணக்கு வந்துச்சு, பிள்ளை பெத்தவங்கள்ல சுமார் 22 சதவீதம், அதாவது அஞ்சுல ஒருத்தருக்கு, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற இந்த டிப்ரஷன் (மனச்சோர்வு) இருக்கு. அம்மா காலத்துலயும் இருந்துச்சு, பேரு தான் "காத்து கருப்பு அடிச்சிருச்சு". பிரசவமான முதல் வாரம் சும்மா அழுகை அழுகையா வரும், அது ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும், உங்களுது அதையும் தாண்டிடுச்சு.

காரணம் ஒண்ணே ஒண்ணு இல்ல, நிறைய இருக்கு. ஹார்மோன் சட்டுனு இறங்கறது, தூக்கமே இல்லாதது, முன்னாடியே டிப்ரஷன் இருந்தது, பணக்கஷ்டம், புருஷன் சப்போர்ட் இல்லாதது, வீட்ல அடிதடி, அப்புறம் (இத எழுதவே கடுப்பா இருக்கு) பொண்ணு பொறந்துச்சுனு மூஞ்ச தூக்கி வைக்கறது, இதெல்லாம் தான். நல்லா கவனிச்சுக்கற வீட்லயும் வரும், அதனால உங்க மேலயோ அம்மா மேலயோ தப்பு இல்ல.

குழந்தைக்கு தடுப்பூசி போடப் போறப்பவே உங்க நிலைமையையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பால் குடுக்கறப்பவும் எடுத்துக்கற மாத்திரை இருக்கு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க, ராத்திரினா டெலிமானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு போன் பண்ணுங்க.