புது மருந்து தொடங்கும் முன் மருந்தாளுநரிடம் ஏன் பேச வேண்டும்?

மருந்தாளுநர் என்பவர் மருந்தியல் படித்து, அரசுப் பதிவு பெற்றவர். மருந்துக் கடையில் பில் போடுகிற எல்லோரும் மருந்தாளுநர் அல்ல. அதனால் அவரையே கேட்டுப் பேசுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காரணம், ஒரு மருந்து இன்னொன்றின் வேலையில் குறுக்கிடும். தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ சேர்த்துப் போட்டால், தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக் போட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். தர்மபுரியில் ஒரு டாக்டர், சேலத்தில் இன்னொருவர் என்று பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே போகலாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்கு இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலக்கும் முன், "இது ரெண்டும் சேருமா?" என்று உரக்கடையில் கேட்போம் இல்லையா? அதே கேள்விதான் இதுவும்.

அப்புறம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்பதையும் கேளுங்கள்.

நாட்டு மருந்தையும் சத்து மாத்திரையையும் சொல்லத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவையும் குறுக்கிடக்கூடும், அவற்றையும் பெயரோடு சொல்லுங்கள்.