மீசைக்காரருக்கு வரிசை கிடையாது

கேள்வி: மைசூர் சாமுண்டி மலைக்கு ரோப்கார் போடும் யோசனையை எதிர்ப்புக் கிளப்பியே நிறுத்திவிட்டார்களாமே? என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்கள் சீக்கிரம் போய், சீக்கிரம் தரிசித்து இறங்க வேண்டாமா? – ஈரோடு வாசகர்

பதில்: முழங்காலை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் இரண்டு 'சீக்கிர'த்தை ஒளித்துவைத்திருக்கிறீர்கள். முழங்காலுக்குப் பதில் சுலபம்: உச்சிவரை தார் ரோடு உண்டு, டவுன் பஸ் போகிறது. 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் போட்ட ஆயிரம் படிகள், ஏறியே தீருவேன் என்கிறவர்களுக்கு. படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டு, குனிந்து நிமிர்ந்து ஏறும் பெண்கள் யாரும் மணி பார்ப்பதில்லை.

சீக்கிரத்துக்கு வருகிறேன். நேரம் போவது ஏறுவதில் இல்லை ஐயா, மேலே வரிசையில். ஆஷாட (நம் ஆடியை ஒட்டி வரும் கன்னட மாதம்) வெள்ளிக்கிழமை போய் நின்று பாருங்கள், தெரியும். ரோப்கார் வந்தால் அதே வரிசையில் இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து கொட்டும், அவ்வளவுதான். 2021 மழையில் அந்த மலையிலுள்ள பெரிய நந்தி சிலைக்குப் போகும் ரோடே சரிந்தது. அந்த மலையில் தூண் நட வேண்டுமாம். அப்புறம் அதற்கொரு ஸ்பெஷல் டிக்கெட். காசு கொடுத்தவருக்கு அம்மன் முதலில் என்ற ஏற்பாட்டை இந்தப் பக்கத்தில் நான் திட்டாத மாதமில்லை. இந்த மாதக் கணக்கும் தீர்ந்தது.

வரிசையே இல்லாமல் தரிசனம் தருபவர் ஒருவர் அங்கே இருக்கிறார்: மகிஷாசுரன். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாம்பு, முறுக்கு மீசை, பளபளவென்று பெயின்ட். டிக்கெட் இல்லை, 'நகருங்க நகருங்க' இல்லை. சன்னதிக்குள் படமெடுக்க முடியாதா, மைசூர் போய்வந்த குடும்பத்தின் செல்போன் முழுக்க அசுரன்தான். கைக்குழந்தையை அவர் காலடியில் நிறுத்தி, 'மாமாவைப் பாத்து சிரிடா' என்கிறார்கள். குழந்தைக்கு மட்டும்தான் புராணம் தெரியும்போல, வீறிட்டு அழுகிறது. கொன்றவளுக்குக் கோயில், செத்தவன் பெயரில் ஊர் (மகிஷனூர்தான் மைசூர்), ஊர் பெயரில் இனிப்பு. அந்த மைசூர்பாக்கை முதலில் கிண்டியதாகச் சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் பெயர் காகாசுர மாதப்பா. அங்கேயும் ஓர் அசுரர்!

இனிப்பு என்றதும் கோவை வாசகர்கள் பேனாவைத் திறந்திருப்பார்கள். நெய்யில் ஊறி, வாயில் போட்டதும் காணாமல் போகிறதே உங்கள் ஊர் மைசூர்பா, அது அல்வாவுக்குத் தூரத்துச் சொந்தம். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கடித்தால் 'கறுக்' என்று உடைவதுதான் மைசூர்பாக். போன தடவை வந்த வசைக் கடிதங்களே இன்னும் படித்து முடியவில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் கையெழுத்தாவது புரியும்படி எழுதவும்.