கணினி கேள்வி–பதில்: 2048 பைட்டுக்குப் பிறகு குப்பை ஏன்?

கேள்வி: எங்கள் பட்டறையில் ஸ்பிரிங் சோதிக்கும் மெஷின் எம்எஸ்-டாஸ் 6.22-இல் ஓடுகிறது. ஐஎஸ்ஏ கார்டு (பழைய கணினியில் செருகும் அட்டை), டிஎம்ஏ (பிராசஸர் இல்லாமல் நேரே மெமரியில் எழுதும் முறை) சேனல் 1 வழியாக 16 கேபி பஃபரில் (டேட்டா சேரும் இடத்தில்) அளவுகளை எழுதும். புரோகிராம் டர்போ சி. மவுஸ் டிரைவரை ஏற்றினால் முதல் 2048 பைட் மட்டும் சரி, மீதி பழைய குப்பை. சில நேரம் மெஷினே நின்றுவிடுகிறது. கார்டு போய்விட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: கார்டைக் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், பஃபர் அமைந்த இடம்தான் கோளாறு.

டிஎம்ஏவை நடத்தும் 8237 சிப்பின் முகவரி 16 பிட்தான். மேல் பிட்கள் தனியாகப் பேஜ் ரெஜிஸ்டரில் (எந்த 64 கேபி பக்கம் என்று காட்டும் எண்ணில்) இருக்கும்; அது தானாக ஏறாது. 64 கேபி எல்லை வந்ததும் சிப் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அதே பக்கத்தின் தொடக்கத்துக்கே திரும்பும். மவுஸ் டிரைவர் இடம் பிடித்ததும் உங்கள் புரோகிராம் மேலே தள்ளப்படுகிறது. பஃபர் 190-ஆவது கேபியில் தொடங்கினால், 192-இல் எல்லை. 2 கேபி ஒழுங்காக விழும். மீதி 14 கேபி, 128-ஆவது கேபியில் இருப்பதன் மேல் எழுதப்படும். அங்கே உங்கள் புரோகிராமின் கோடே இருந்தால் நிற்கத்தான் செய்யும்.

டர்போ சியில் மெமரி கேட்கும் ஃபங்ஷனான ஃபார்மாலக் மூலம் 32 கேபி கேளுங்கள். கிடைத்த பாயின்டரின் செக்மென்ட் பகுதியை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட் பகுதியைக் கூட்டுங்கள்; அதுதான் உண்மை முகவரி (அன்சைன்டு லாங் மாறியில், இன்ட் நிரம்பி வழியும்). அதை 65536-ஆல் வகுத்த மீதி 49152-ஐத் தாண்டினால், அடுத்த 64 கேபி எல்லையிலிருந்து பஃபரைத் தொடங்குங்கள். 32 கேபிக்குள் இரண்டு எல்லைகள் வர வழியில்லை. விடுவிக்கும்போது மட்டும் முதலில் கிடைத்த பாயின்டரையே கொடுக்க வேண்டும்.

பஃபர் 192-ஆவது கேபியில் என்றால் போர்ட்டுகளில் எழுதும் வரிசை, தசம எண்களில்: 10-ஆவது போர்ட்டில் 5 (சேனலை மூட), 12-இல் எதையாவது, 11-இல் 69, 2-இல் இரண்டு முறை 0, 131-இல் 3, 3-இல் 255, பிறகு 63. கடைசியாக 10-இல் 1. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தே கொடுக்க வேண்டும் என்பதால்தான் 16384-க்குப் பதில் 16383 (63 × 256 + 255). இவ்வளவும் முடியும்வரை இன்டரப்டை நிறுத்தி வையுங்கள். நடுவில் வேறொரு டிரைவர் 8237-ஐத் தொட்டால் கீழ் பைட்டும் மேல் பைட்டும் இடம் மாறிவிடும்.

இஎம்எம்386 (டாஸின் மெமரி மேலாளர்) ஏற்றியிருந்தால் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அந்த வரியோடு டி=32 சேருங்கள்; அது டிஎம்ஏவுக்கென ஒதுக்கும் கேபி.

கேள்வி: 64 எம்பி ராம் உள்ள பழைய லினக்ஸ் கணினியில் ஐஎஸ்ஏ கார்டுக்கு டிரைவர் எழுதுகிறேன். கேமாலக் (கெர்னலில் மெமரி கேட்கும் ஃபங்ஷன்) தரும் இடம் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை.
– மாணவி, தருமபுரி

பதில்: பேஜ் ரெஜிஸ்டர் 8 பிட். மொத்த முகவரி 24 பிட், அதாவது 16 எம்பி. அதற்கு மேல் இடம் கிடைத்தால் மேல் பிட்கள் தொலைந்து, டேட்டா வேறெங்கோ போகும். கேமாலக்கில் ஜிஎஃப்பி_டிஎம்ஏ கொடியைச் சேருங்கள். 5 முதல் 7 வரையிலான சேனல்கள் 16 பிட் என்பதால் அங்கே எல்லை 128 கேபி. 8237 எண்ணுவதும் பைட்டை அல்ல, வேர்டை (இரண்டு பைட்).