கைதட்ட மறுத்த சம்மேளனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்வே கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் லீசே க்ளாவ்னஸ், 2022 மார்ச்சில் தோஹாவில், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மாநாட்டில், கத்தாரின் புலம்பெயர் தொழிலாளர் நிலை, மனித உரிமைகள் பற்றிப் பேசிய காணொளியை இப்போதுதான் பார்த்தேன். ஆனால் கத்தாரில் உலகக் கோப்பை நடக்கத்தான் செய்தது. மறுவருடம் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் செயற்குழுத் தேர்தலில் அவர் தோற்றார். 2034 உலகக் கோப்பை சவூதிக்குப் போய்விட்டது. 2025 அக்டோபரில் நார்வே இஸ்ரேலுடன் ஆடியும் விட்டது. எல்லாம் வெறும் மேடைப்பேச்சுதானா? ஒரு நாட்டுச் சம்மேளனத் தலைவரால் என்னதான் செய்ய முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பேச்சை ஒரு தனிமனிதரின் துணிச்சலாக மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி சரிதான். ஆனால் அவர் தோஹாவுக்குக் கொண்டுபோனது சொந்தக் கருத்தை அல்ல, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவுசெய்ததை.

நார்வேயில் கிளப்புகள் உறுப்பினர்களுக்குச் சொந்தம். சந்தா கட்டிய, 15 வயது நிரம்பிய எவருக்கும் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு உண்டு. 2021 தொடக்கத்தில் கத்தார் பகிஷ்கரிப்புக் குரலை முதலில் எழுப்பிய கிளப் வடக்கே இருக்கும் ட்ரோம்ஸோ. அந்த வருட ஆண்டுக் கூட்டங்களில் ரசிகர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள், பெரிய கிளப்புகளும் சேர்ந்துகொண்டன. சம்மேளனம் ஒரு குழு அமைத்தது. ஜூன் 20 அன்று சிறப்புப் பொதுக்குழு கூடியது. பகிஷ்கரிப்பு வேண்டாம் என்று 368 ஓட்டு, வேண்டும் என்று 121. அதாவது, போட்டிக்குள் இருந்துகொண்டே அழுத்தம் கொடு என்பது முடிவு. 2022 மார்ச் 6 அன்று தலைவராகத் தேர்வான க்ளாவ்னஸ், அதே மாதம் 31ஆம் தேதி தோஹாவில் செய்தது அதைத்தான். 1902இல் தொடங்கிய சம்மேளனத்துக்கு அவர் முதல் பெண் தலைவர். 73 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர், படித்தது சட்டம், 2018 முதல் அதே சம்மேளனத்தில் உயர்நிலைக் கால்பந்துக்குப் பொறுப்பாக இருந்தவர். எதை எந்தக் கூட்டத்தில் எழுப்பினால் பதிவாகும் என்பது இப்படிப்பட்டவருக்குத் தெரியும்.

பேச்சு முடிந்ததும் ஹோண்டுராஸ் பிரதிநிதி எழுந்து, இது அதற்கான மேடை அல்ல என்றார். உண்மையில் 211 சங்கங்களும் ஒன்றாக உட்காரும் மேடை அது ஒன்றுதான்.

2034 விஷயத்தில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, முடிவெடுத்த முறையை. 2018இல் மாஸ்கோவில் 2026 போட்டிக்கான ஓட்டெடுப்பு நடந்தபோது 134க்கு 65 என்று எண்ணிக்கை வந்தது, எந்த நாடு யாருக்குப் போட்டது என்பதும் வெளியானது. 2010இல் ஃபிஃபா செயற்குழு மூடிய அறைக்குள் கத்தாரைத் தேர்ந்தெடுத்ததால் வந்த அவப்பெயருக்குப் பிறகு கொண்டுவந்த சீர்திருத்தம் அது. 2023 அக்டோபரில் என்ன செய்தார்கள்? 2030 போட்டியை ஆறு நாடுகளுக்கு, மூன்று கண்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சுழற்சி விதிப்படி அந்தக் கண்டங்களும், 2026 போட்டியைப் பெற்ற வட அமெரிக்காவும் 2034க்குக் கேட்க முடியாது. மிச்சம் ஆசியாவும் ஓசியானியாவும்தான். விருப்பம் தெரிவிக்க அந்த மாதம் 31 வரையே கெடு. ஆஸ்திரேலியா ஒதுங்கியது, சவூதி மட்டும் நின்றது. 2024 டிசம்பர் 11 அன்று காணொளி மாநாட்டில் 2030, 2034 இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, கேமராவுக்கு முன்னால் கைதட்டி ஆமோதிக்கச் சொன்னார்கள். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. யார் எதிர்த்தார் என்பதற்குத் தடயமும் இருக்காது.

நார்வே கைதட்டவில்லை. முன்கூட்டியே கடிதம் எழுதி, இந்த நடைமுறையை ஏற்கவில்லை என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று கேட்டது. ஒரு சின்னச் சங்கத்தின் கையில் இருக்கும் கருவி அவ்வளவுதான். ஆனால் நாளை யாராவது பழைய ஏட்டைப் புரட்டினால் கண்ணில் படுவது அந்த ஒரு வரி. என் கணக்கில் தோஹா பேச்சைவிட இது கனமான காரியம், காணொளி இல்லாததால் யாரும் பார்க்கவில்லை.

ஐரோப்பியத் தேர்தல் வேறு கதை. 2023இல் லிஸ்பனில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தைக் கேட்காமல் ஆண்களோடு பொது இடத்துக்கு நின்றார். 55 சங்கங்களில் 18 மட்டுமே அவருக்கு ஓட்டுப் போட்டன. 2024இல் ஒதுக்கீட்டு இடம் ஒன்றிலிருந்து இரண்டானது, 2025 ஏப்ரலில் பெல்கிரேடில் அந்த வழியாகப் போட்டியின்றி உள்ளே போனார். வேண்டாம் என்ற வாசல் வழியாகவே நுழைந்தது முரண்தான். அதை மழுப்ப வேண்டியதில்லை.

தலைவரால் என்ன முடியாது என்பதற்கு வீடியோ நடுவர் விவகாரம் நல்ல உதாரணம். 2024இல் அந்த முறையை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்தில் மீன் வடைகளை வீசி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் முதல் இரண்டு அடுக்கின் 32 கிளப்புகளில் 19 வீடியோ நடுவர் முறையைக் கைவிடச் சொல்லின. சம்மேளனத்தின் நிர்வாகக் குழு, திருத்தி வைத்துக்கொள்வோம் என்றது. மார்ச்சில் பொதுக்குழுவில் 321க்கு 129 என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே கீழடுக்குக் கிளப்புகளுக்கும் வட்டாரச் சங்கங்களுக்கும் ஓட்டு உண்டு, பெரிய கிளப்புகளின் பெரும்பான்மை அங்கே எடுபடவில்லை. தலைவருக்கு அந்தக் கூட்டத்தில் வாதிடத்தான் முடியும்.

இஸ்ரேல் ஆட்டத்துக்கு வருகிறேன். தகுதிச் சுற்றில் ஆட மறுத்தால் எதிரணிக்கு 3-0 வெற்றி எழுதப்படும், மேலே தண்டனையும் வரலாம். இஸ்ரேலை விலக்க வேண்டும் என்று க்ளாவ்னஸ் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். ஆனால் விலக்கும் அதிகாரம் ஓஸ்லோவில் இல்லை, ஆடாமல் இருந்தால் புள்ளிகள் போய்ச் சேருவது எதிரணிக்கே. ஆகவே 2025 அக்டோபர் 11 அன்று ஓஸ்லோவின் உல்லேவால் மைதானத்தில் ஆடினார்கள், 5-0 என்று வென்றார்கள். அன்றைய டிக்கெட் லாபம் காஸாவில் வேலைசெய்யும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் போனது. அடுத்த மாதம் மிலானில் இத்தாலியை 4-1 என்று தோற்கடித்து, 1998க்குப் பிறகு முதல் முறையாக நார்வே ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றது.