தேங்காய் எண்ணெயும் பச்சை முட்டையும்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை இங்கே ஒரு லாயத்தில் இரண்டு குடும்பமாகப் பங்குபோட்டு வளர்க்கிறோம். கரும்பழுப்பு நிறம், 9 வயது, சுமார் 480 கிலோ. என் மகள்தான் சவாரி செய்கிறாள். நாலு மாதமாக மேனி மங்கிச் செம்பட்டை பாய்ந்துவிட்டது. தடவினால் சொரசொரக்கிறது. தினமும் ஷாம்பு போட்டுத்தான் குளிப்பாட்டுகிறோம். தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார் ஒருவர், பச்சை முட்டை கொடு என்கிறார் இன்னொருவர். ஊரிலிருந்து வந்த மாமா, கொள்ளு அவித்துப் போட்டால் போதும் என்கிறார். இரண்டு மாதத்தில் ஒரு போட்டி இருக்கிறது. எதைச் செய்வது?

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

மூன்று யோசனைகளும் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் குதிரைக்கு ஒழுங்காக வியர்க்கிறதா?

நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் மெல்ல வேலையை நிறுத்திவிடும். குளிர்நாட்டிலிருந்து வந்தவற்றில் இது அதிகம். மேனி வறண்டு செதில் உதிரும், முகத்தில் முடி மெலியும். பார்ப்பவர்கள் சத்துக் குறைவு என்று நினைத்து எண்ணெய் வாங்குவார்கள். 20 நிமிடம் துள்ளுநடை போனபின் கழுத்து, சேணத்தின் அடி, பின்தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி எல்லாம் நனைந்திருக்க வேண்டும். சேணத்தடியில் மட்டும் ஈரம், அரை மணி நேரம் கழித்தும் மூக்கு விரிய மூச்சு வாங்குகிறது என்றால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 38 டிகிரியை ஒட்டி இருப்பது இயல்பு. 40-ஐத் தொட்டால் உடனே குளிர்ந்த நீர், மின்விசிறி, கால்நடை மருத்துவர். மினுமினுப்பெல்லாம் பிறகு.

வியர்வை சரி என்றால், அடுத்த சந்தேகம் எனக்கு உங்கள் ஷாம்புவின் மேல்தான். முடியின் பளபளப்பு தோல் சுரக்கும் எண்ணெயிலிருந்து வருவது. அதைத் தினமும் கழுவிவிட்டால் ஒளி எங்கிருந்து வரும்? சவாரி முடிந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், அது அவசியம். வியர்வை உப்பு காய்ந்தால் முடி ஒட்டிக்கொண்டு மங்கும், வெயிலில் நிறமும் வெளுக்கும். ஊற்றிய கையோடு நீர்வடிப்பானால் வழித்துவிட்டுக் காற்றில் நிறுத்துங்கள். ஷாம்பு மாதம் இருமுறைக்கு மேல் வேண்டாம். அதையும் வாளித் தண்ணீரில் கரைத்துப் போட்டு, வழியும் நீர் தெளியும்வரை அலசுங்கள். குளம்புக்கு மேலே பின்பக்கக் குழியைத் துண்டால் ஒற்றி எடுங்கள்; அங்கே ஈரம் தங்கினால் புண் வரும். முதுகில் முடிக்கொத்தோடு பெயர்ந்து வரும் பொருக்குகள் தெரிந்தால் அது மழைக்காலத் தோல்நோயாக இருக்கலாம். அதை எண்ணெய் பூசி மூடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய்க்கும் பதில் சொல்லியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே பூசினால் தூசியும் மரத்தூளும் அப்பிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எண்ணெய் உள்ளே போகட்டும். ஆளிவிதை நல்லது: அன்றன்றைக்கு அரைத்து நாளுக்கு 100 கிராம். நம் வெப்பத்தில் அரைத்த மாவு சீக்கிரம் சிக்கடித்துவிடும் என்பதால் வாரத்துக்கு மொத்தமாக அரைத்து வைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடவும் கூடாது, அதில் நச்சுத்தன்மை கிளம்பும். அரைக்க நேரமில்லையா, ஆளிவிதை எண்ணெய் 30 மில்லியில் தொடங்கி இரண்டு வாரத்தில் 100 மில்லிக்கு ஏற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கழியும். எண்ணெய் கூடக்கூட வைட்டமின் இ தேவையும் கூடும்; காய்ந்த புல்லில் அது மிகக் குறைவு. நாளுக்கு 500 யூனிட்டாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பந்தயத் திடலிலிருந்து வந்த குதிரைகளிடம் அடிக்கடி காணும் சிக்கல் ஒன்று உண்டு. இங்குள்ள கிராஞ்சிப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் ஓடியபின் இப்படிப் பல குதிரைகள் சவாரிக்கு வந்திருக்கின்றன. வேலை குறைந்ததால் மூட்டைத் தீவனத்தைப் பாதியாக்குவார்கள். சரிதான், ஆனால் தாதுக்களும் பாதியாகிவிடும். உங்கள் குதிரைக்கு நாளுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பும் 400 மில்லிகிராம் துத்தநாகமும் வேண்டும்; செம்பு குறைந்தாலும் கருமை செம்பட்டையாகும். மூட்டையில் அச்சிட்ட அளவைப் பார்த்து, குறைந்த பங்கைத் தாதுச் சத்துருண்டையால் ஈடுகட்டுங்கள். இரண்டு கம்பெனி மருந்தைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். செலினியம் என்ற தாது மிஞ்சினால் பிடரியும் வாலும் உதிரும். அடிப்படை எப்போதும் காய்ந்த புல்தான், நாளுக்கு 9 கிலோவுக்குக் குறையாமல், பூஞ்சை வாடையில்லாமல். உப்பு 30 கிராம், வியர்க்கும் நாளில் இருமடங்கு.

மாமாவின் கொள்ளை நான் பழிக்க மாட்டேன். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதும் சும்மாவா? நன்றாக வேகவைத்து, அரைக் கிலோ, ஆறியவுடன். காலையில் வெந்ததை மாலைக்கு வைத்தால் புளித்து வயிற்றுவலியில் கொண்டுவிடும். பச்சை முட்டை வேண்டாம். வெள்ளைக்கரு பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும், முடிக்கும் குளம்புக்கும் தேவைப்படுவது அதுதான்.

இனி மாலிஷ். மகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்: உடல் முழுக்கக் காய்ந்தபின்தான். ஈரத்தில் தேய்த்தால் அழுக்கு தோலுக்குள் போகும். ரப்பர் சீப்பால் கழுத்து, தோள், விலா, பிட்டம் என்று வட்டவட்டமாக, முடியின் போக்குக்கு எதிராகவும். எலும்பு துருத்தும் இடங்களையும் முழங்காலுக்குக் கீழேயும் விட்டுவிடுங்கள். சாம்பல் நிறத்தில் பொடுகு மேலே வரும்; அதை முரட்டுப் பிரஷ்ஷால் சுண்டி வெளியேற்ற வேண்டும். பிறகு மெல்லிய பிரஷ், கையை நீட்டி உடல் எடையைச் சாய்த்து நீள இழுப்புகளாக. நாலு இழுப்புக்கு ஒருமுறை பிரஷ்ஷை உலோகச் சீப்பில் உரசித் துப்புரவாக்காவிட்டால் எடுத்த அழுக்கையே திருப்பிப் பூசுகிறீர்கள். கடைசியில் பருத்தித் துணியால் துடைப்பு. 30 நிமிடமாவது ஆகும், தோள் வலிக்கத்தான் வலிக்கும். இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், குளிர்நாட்டைப்போல ஒரே மூச்சில் முடி கொட்டிப் புதுமேனி வராது. பழைய முடியைக் கைதான் எடுக்க வேண்டும். பிரஷ்களை வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் காயவையுங்கள். வேறு குதிரையின் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம், படர்தாமரை அப்படித்தான் பரவும்.

தீவனத்தின் பலன் புதிதாக முளைக்கும் முடியில்தான் தெரியும், அதற்கு 6 முதல் 8 வாரம். உங்கள் இரண்டு மாதம் மயிரிழையில் போதும், இன்றே தொடங்கினால். போட்டியன்று மகள் பளபளப்புத் தெளிப்பான் அடிக்க ஆசைப்பட்டால் அடிக்கட்டும். முதுகிலும் வயிற்றுவார் போகும் இடத்திலும் மட்டும் படக்கூடாது, சேணம் வழுக்கும்.