வாலஸ் டார்ட்டன்: கறுப்புக் கோடு தடித்தது ஏன்?

வாலஸ் என்ற ஸ்காட்லாந்துக் கட்டத் துணிக்கு (டார்ட்டன்) 'கே/4 ஆர்24 கே24 ஒய்/4' (கே கறுப்பு, ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள்; எண்கள் இழைகள்) கணக்குப்படி பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டியதில், சுற்றுகள் சேருமிடத்தில் கறுப்புக் கோடு 8 இழையாகிவிட்டது என்கிறீர்கள். சாய்கோடு போட்டவை வரிசை திரும்பும் இடங்கள். அங்கே ஒருமுறைதான் எண்ண வேண்டும். கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4, திரும்பி கறுப்பு 24, சிவப்பு 24. மொத்தம் 104 இழை. கடைசியில் இன்னொரு கறுப்பு 4 சேர்த்து 108 ஆக்கியிருப்பீர்கள்.

ஊடைக்கும் (குறுக்கு நூல்) இதே வரிசை, 2/2 ட்வில் (இரண்டு இழைக்கு மேலும் இரண்டு இழைக்குக் கீழும் போகும் சாய்வரி நெசவு). அங்குலத்துக்குப் பாவு எத்தனையோ ஊடையும் அத்தனை. குறைந்தால் கட்டம் நீளவாக்கில் இழுபடும். பாவைத் தளர்த்திவிட்டு அளந்து பாருங்கள், விறைப்பாக இருக்கும்போது அளந்தால் ஏமாற்றும்.

சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தால் விடுங்கள். டார்ட்டனுக்கு அடையாளம் நிறங்களின் வரிசையும் அகல விகிதமும்தான், சாயத்தின் அழுத்தம் அல்ல.