ஏரியில் குளித்ததால் வந்த புழு: ஒருநாள் மாத்திரை போதுமா?

கேள்வி: வயது 34. தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிறானால் நண்பர்களோடு ஏரியில் குளிப்பேன். திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. அடிக்கடி வயிற்றுவலி, சில நாட்களில் மலத்தில் ரத்தம். பரிசோதனையில் 'சிஸ்டோசோமா மேன்சோனி' முட்டை இருப்பதாக வந்திருக்கிறது. புழு ரத்தக்குழாயில் இருக்கிறதாம். ஆனால் ஒரே ஒருநாள் மாத்திரை போதும் என்கிறார் மருத்துவர். நம்பலாமா? வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறாள், அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். இது ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றுவதில்லை. மலத்தோடு வெளியேறும் முட்டை நன்னீரில் விழுந்து பொரிய வேண்டும். பொரிந்த குஞ்சு ஒரு குறிப்பிட்ட வகை நத்தைக்குள் புகுந்து சில வாரம் பெருக வேண்டும். பிறகு கவட்டை வால் கொண்ட நுண்ணிய இளம்புழுவாக நீரில் நீந்திவந்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். உங்களுக்கு நடந்தது அதுதான். தண்ணீரைக் குடித்திருக்கவே வேண்டாம், முழங்கால் அளவு நீரில் நின்றாலே போதும்.

உள்ளே போனது ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து, குடலைச் சுற்றியுள்ள சிரைகளில் குடித்தனம் நடத்துகிறது. ஆண் புழுவின் உடல் மடிப்புக்குள்ளேயே பெண் புழு வாழும். கெய்ரோவில் 1851-இல் தியோடர் பில்ஹார்ஸ் இந்தக் குடும்பத்துப் புழுவை மனித ரத்தக்குழாயில் கண்டுபிடித்ததால் நோய்க்கு பில்ஹார்சியா என்றும் பெயர்.

புழு கல்லீரலைத் தின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் வில்லன் புழு அல்ல, முட்டை. ஒரு பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 300 முட்டை இடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும்; பரிசோதகர் அடையாளம் கண்டுகொண்டது அதை வைத்துத்தான். ஒரு பகுதி முட்டைகள் குடல் சுவரைக் கிழித்துக்கொண்டு மலத்தில் வந்து சேரும். வலியும் ரத்தமும் அதனால்தான். மீதி முட்டைகள் குடல் சுவரிலேயே சிக்கிக்கொள்ளும், அல்லது ரத்த ஓட்டத்தோடு கல்லீரலுக்குப் போய் ஒதுங்கும். உடல் சும்மா விடாது. ஒவ்வொரு முட்டையையும் வெள்ளணுக்களால் சூழ்ந்து சின்னக் கட்டியாக்கிவிடும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளைச் சுற்றித் தழும்பு தடிக்கும். ரத்தம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி, உயிருக்கே ஆபத்து.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு நடந்தும் கல்லீரல் செல்கள் நெடுநாள் ஒழுங்காகவே வேலை செய்யும். 'எல்.எஃப்.டி. (கல்லீரல் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல்தானே' என்று விட்டுவிடாமல் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. மருந்தின் பெயர் பிராசிகுவாண்டல். உங்களுக்கு இருக்கும் வகைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடை என்றால் 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு. ஒரே வேளையாகவோ அன்றைக்கே இரண்டாகப் பிரித்தோ தருவார்கள். சாப்பாட்டோடு, மெல்லாமல் விழுங்குங்கள், கசப்பு நாக்கை விட்டுப் போகாது. அன்றைக்குக் கொஞ்சம் தலைசுற்றலோ குமட்டலோ வரலாம், வண்டி ஓட்ட வேண்டாம். முன்பு வலிப்பு வந்திருந்தாலும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டுவந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும், இளம்புழு தப்பிவிடும். கடைசியாக ஏரியில் இறங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் எல்லாப் புழுவும் ஒரே தவணையில் சாவது எப்போதும் நடப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து மலத்தை மறுபடி பாருங்கள், முட்டை இருந்தால் இன்னொரு தவணை. ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளணு உடனே குறையாது, அதற்குப் பதற வேண்டாம். எதிர்ப்பொருள் பரிசோதனை வருடக்கணக்கில் பாசிட்டிவ் என்றே காட்டும், அதை வைத்துப் புழு போகவில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. இடையில் மலம் தார்போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், உங்களோடு ஏரியில் குளித்த நண்பர்களுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே புழு வருடக்கணக்கில் உள்ளே இருக்கும், அவர்களும் பரிசோதித்துக்கொள்ளட்டும்.